விக்கெட் காப்பாளராக விரும்பும் வன்னிப் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சியில் வார இறுதி நாள்களில் பெண்பிள்ளைகளுக்குக் கடினப்பந்துப் பயிற்சி கொடுக்கிறேன். பயிற்சி முடியும் வரைக்கும் மைதான ஓரத்தில் காத்து நிற்கும் அம்மாமார், அப்பாமார், சில நாள்களில் அம்மம்மாமார் கேட்கும் கேள்விகள் இவை. பரந்தனிலிருந்து வந்தவர் இந்தக் கிழமை கேட்டதை அடுத்த கிழமை புதுக்குடியிருப்பிலிருந்து வந்தவர் கேட்பார். நானும் பாடசாலைக் காலத்தில் தொடங்கிப் பன்னிரண்டு வருடம் கீப்பிங் செய்தவள் என்பதால் பதிலை எழுதி வைத்தால் பலருக்கு உதவும் என்று நினைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

கீப்பர் எண்டா என்ன வேலை? பின்னுக்கு நிண்டு பந்து பொறுக்கிறதுதானே?

துடுப்பாடுபவருக்குப் பின்னால், ஸ்டம்புகளுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்தான் விக்கெட் காப்பாளர். களத்தடுப்பில் இறங்கும் பதினொரு பேரில் கிளவுஸும் வெளியே தெரியும் காற்காப்பும் போட விதி இடம் கொடுப்பது இவர் ஒருவருக்கு மட்டும்தான். மட்டையில் உரசி வரும் பந்தைப் பிடிப்பது, கோட்டை விட்டு வெளியே வந்தவரைப் பந்துள்ள கையால் ஸ்டம்பைத் தட்டி ஆட்டமிழக்கச் செய்வது (ஸ்டம்பிங்), தூரத்திலிருந்து எறியும் பந்தை வாங்கி ரன் அவுட் ஆக்குவது எல்லாம் இவர் வேலை.

இவை ஸ்கோர் புத்தகத்தில் ஏறும். ஏறாத வேலை இதைவிடக் கூட. ஓவருக்கு ஆறு பந்து வீதம் 50 ஓவர் ஆட்டத்தில் குறைந்தது 300 தடவை குந்தி எழும்ப வேண்டும். ஒவ்வொரு எறிக்கும் ஸ்டம்படிக்கு ஓடி வர வேண்டும். எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளை ஒரு ஓவர் முழுக்கப் பந்தைத் தொடாமல் நிற்கலாம். கீப்பருக்கு ஒரு பந்துகூட ஓய்வு கிடையாது.

துடுப்பும் சரிவரேல்ல, பந்துவீச்சும் சரிவரேல்ல எண்டு மிஸ் மகளைக் கீப்பரா விட்டிட்டா. சரிதானோ?

மகளுக்கு ஒரு இடம் கிடைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் மிஸ் செய்திருப்பா. ஆனால் மிச்சமான பிள்ளைக்குக் கிளவுஸைக் கொடுக்கும் பழக்கத்தை நாங்கள் விட வேண்டும். அணியிலேயே ஆகத் திறமான கைகள் இருக்கிற பிள்ளைக்குப் போக வேண்டிய இடம் அது. பந்துவீசும் பிள்ளை வெயிலில் ஓடி ஓடி உழைத்துப் பந்தை மட்டை விளிம்பில் உரச வைக்கிறாள். அது கீப்பரின் கையில் நிற்காவிட்டால் அவ்வளவு உழைப்பும் வீண்.

மகளை இப்போதே அங்கிருந்து எடுத்துவிடச் சொல்லவில்லை. அவளுக்குப் பந்து பிடிக்க விருப்பமா என்று கேளுங்கள். விருப்பம் என்றால் துடுப்பாட்டத்தையும் விட விடாதீர்கள், கீப்பிங் மட்டும் தெரிந்தவருக்கு இன்றைக்கு எந்தப் பெரிய அணியிலும் இடம் கிடைப்பது கடினம். 2022 உலகக் கிண்ண இறுதியில் 170 ஓட்டம் அடித்த அலிசா ஹீலி அன்று அவுஸ்திரேலியாவின் கீப்பர். 2013 உலகக் கிண்ணத்தில், மும்பையில், இங்கிலாந்தை இலங்கை ஒரு விக்கெட்டால் வென்ற ஆட்டத்தின் கடைசிப் பந்தை ஆறு ஓட்டத்துக்கு அடித்த டிலானி மனோதராவும் கீப்பர்தான். அந்த அடியைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும்.

எனக்கு 15 வயசு. இவ்வளவு நாளும் வலைப்பந்துதான் விளையாடினனான். பிந்திப் போச்சோ அக்கா?

இல்லைத் தங்கச்சி. இங்கிலாந்தின் சாரா டெய்லர் 17 வயதில் நாட்டுக்காக விளையாடத் தொடங்கினார், இந்தியாவின் ரிச்சா கோஷ் 16 வயதில். அவர்கள் சின்ன வயதிலேயே கடினப்பந்து பிடித்தவர்கள், அந்தக் கணக்கை வைத்து உன்னை நீ அளக்காதே. துடுப்பாட்டத்தைப் பிந்தித் தொடங்கினால் எட்டிப் பிடிப்பது கடினம். கீப்பிங்கில் வேறு விளையாட்டில் பழகிய கையும் காலும் அப்படியே உதவும். நியூசிலாந்து 2000ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை வென்றபோது கீப்பராக நின்ற ரெபேக்கா ரோல்ஸ் உதைபந்தாட்டத்திலும் நாட்டின் கோல் காப்பாளராக இருந்தவர்.

வலைப்பந்து ஆடிய பிள்ளைக்குப் பக்கவாட்டுக் கால்வேகமும் பாயும் தைரியமும் இருக்கும். எல்லே விளையாடிய பிள்ளைக்கு வெறுங்கையால் உயரப் பந்து பிடித்த பழக்கம் இருக்கும். மாற்ற வேண்டியது ஒன்றுதான். வலைப்பந்தில் பந்து நெஞ்சுக்கு வரும், இங்கே கணுக்காலுக்கு வரும். கண்ணைக் கீழே கொண்டுபோகப் பழகு.

ஆம்பிளப் பிள்ளையள் விளையாடுற அதே பந்துதானோ? விரல் முறிஞ்சிடாதோ?

அதே பந்து இல்லை. பெண்களுக்கான கடினப்பந்தின் நிறை 140 முதல் 151 கிராம் வரை. ஆண்களின் பந்து கிட்டத்தட்ட 156 முதல் 163 கிராம், சுற்றளவும் சற்றுக் கூட. 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு இன்னும் சிறிய பந்து, 133 முதல் 144 கிராம். பாடசாலையில் இருப்பது எந்தப் பந்து என்று தயங்காமல் கேளுங்கள். அண்ணாமாரின் பழைய பந்தைத் தங்கச்சிமாருக்குக் கொடுப்பது இங்கே வழமை, பிஞ்சுக் கைக்கு அது பாரம்.

விரல் முறியாது என்று சத்தியம் பண்ண மாட்டேன். என் இடது சின்ன விரல் இன்றைக்கும் நேராக இல்லை. உள் கிளவுஸ் போடாமல் ஒரு பின்னேரம் பயிற்சிக்கு நின்றதன் பலன் அது. விரல்நுனி பந்தை நோக்கி நீட்டி இருக்கும்போதுதான் பெரும்பாலும் முறியும். விரல்கள் நிலத்தைப் பார்த்து, உள்ளங்கை பந்தைப் பார்த்து, பந்து பட்டதும் கை பின்னுக்கு இளகிக் கொடுத்தால் ஆபத்து நன்றாகக் குறையும். அடிபட்டால் விரலை இழுத்துவிட வேண்டாம். ஐஸ் வையுங்கள், வீங்கினால் வைத்தியசாலைக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள். ஸ்டம்புக்குக் கிட்ட நிற்கும்போது முகக் கம்பியுள்ள ஹெல்மெட் இல்லாமல் நிற்க விடவே வேண்டாம்.

எல்லாத்தையும் வாங்கத்தான் வேணுமோ? எங்களட்டை அவ்வளவு வசதியில்லை.

ஒரேயடியாக வேண்டாம். ஹெல்மெட், காற்காப்பு, மட்டை எல்லாம் அணியின் பொதுப் பையில் இருக்கலாம், முறை வைத்துப் போடலாம். சொந்தமாக முதலில் வேண்டியது பருத்தி உள் கிளவுஸ் இரண்டு சோடி. வியர்வையில் நனைந்ததைக் காயவிட்டு மற்றதைப் போட வேண்டும். இடுப்புக்குக் கீழே போடும் பாதுகாப்புக் கவசமும் பிள்ளைக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், இரவல் சரிவராது. பிறகு காசு சேர்ந்தால் கீப்பிங் கிளவுஸ்.

அம்மாமாருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிச் சப்பாத்து வாங்கும் மாதிரி, வளர்ந்தாலும் போடலாம் என்று பெரிய கிளவுஸ் வாங்காதீர்கள். விரல் நுனிக்கு அப்பால் வெறும் இடம் இருந்தால் பந்து அங்கே பட்டுத் தெறிக்கும், பிள்ளை தன் கையில்தான் பிழை என்று நினைப்பாள். கைக்கு அளவான பழைய கிளவுஸ், பெரிய புதிய கிளவுஸைவிட மேல்.

வீட்டில பந்து போட ஆளில்லை. தனிய என்ன செய்யலாம்?

ஒரு சுவரும் ஒரு டெனிஸ் பந்தும் காணும். சுவரிலிருந்து நாலைந்து அடி தள்ளிக் குந்தி இருந்து, பந்தைச் சுவரில் எறிந்து, திரும்பி வருவதை இரண்டு கையாலும் பிடி. பிறகு வலது கையால் மட்டும், பிறகு இடது கையால் மட்டும். ஒரு நாளைக்கு 200 பந்து. முதல் கிழமை அலுப்பாக இருக்கும், மூன்றாவது கிழமை கை தானாகப் போகும். என் கீப்பிங்கில் பாதி எங்கள் வீட்டுக் கிணற்றடிச் சுவரில் வந்ததுதான்.

எழும்பும் நேரத்தைப் பழகுவதுதான் முக்கியம். பந்து நிலத்தில் குத்தும் வரைக்கும் குந்தியே இரு, குத்தி எழும்பும்போது அதோடு சேர்ந்து எழும்பு. முன்னமே எழும்பிவிட்டால் தாழ வரும் பந்து காலுக்கு இடையால் போகும். எங்கள் மைதானங்களில் சீமெந்துத் தரையில் பாய் விரித்துத்தான் பெரும்பாலும் ஆடுகிறோம், பந்து நன்றாக எழும்பும். அதிலேயே பழகிய பிள்ளை வெளியூரில் புல் ஆடுகளத்துக்குப் போனதும் தடுமாறுவாள். அதனால் கிழமையில் ஒரு நாளாவது மண் தரையில் குத்திப் பழக வேண்டும்.

குந்திக் குந்தி முழங்கால் போயிடாதோ? பிறகு பிள்ளைப் பேறுக்குக் கஷ்டம் எண்டு அம்மம்மா சொல்லுறா.

அம்மம்மா குந்தி இருந்து கச்சான் ஆய்ந்தவ, நாற்று நட்டவ, அடுப்பு ஊதினவ. அவவுக்கு வராதது இவளுக்கும் வராது. குந்துவதால் பிள்ளைப் பேறுக்கு எந்தத் தீங்கும் இல்லை. முழங்கால் நோவு உண்மையில் வரக்கூடியது. தொடைத் தசையைப் பலப்படுத்தாமல் முழு ஆட்டத்துக்கும் இறக்கினால் வரும். ஒரு கிழமையில் 30 தடவை, அடுத்த கிழமை 50 தடவை என்று கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

மாதவிடாய் நாளில் விளையாடலாமா என்றும் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்கிறார்கள். பிள்ளைக்கு ஏலும் என்றால் விளையாடலாம், நோவு என்றால் சொல்லிவிட்டு இருக்கலாம். பயிற்றுநர் ஆணாக இருந்தாலும் சொல்லத் தயங்காத நிலைமையை நாங்கள்தான் உண்டாக்க வேண்டும். மைதானத்தில் தண்ணீரும் கதவு பூட்டக்கூடிய கழிப்பறையும் இருக்கிறதா என்று பெற்றோர் கேட்டு வாங்குங்கள்.

மிதவேகப் பந்துக்கு நான் ஸ்டம்புக்குக் கிட்ட நிக்கிறதோ தள்ளி நிக்கிறதோ?

பயம் தெளிந்த பிறகு, கூடுமானவரை கிட்ட நில். பெண்கள் கிரிக்கெட்டில் ஆக வேகமாக வீசியவர்களில் ஒருவரான தென்னாபிரிக்காவின் ஷப்னிம் இஸ்மாயிலின் பந்து 2024இல் மணிக்கு 132.1 கிலோமீற்றர் என்று பதிவானது. பாடசாலை மட்டத்தில் அதற்குக் கிட்டவும் யாரும் வருவதில்லை. கீப்பர் கிட்ட நின்றால் துடுப்பாடுபவர் கோட்டை விட்டு இறங்கி அடிக்கப் பயப்படுவார். அதுவே பாதி வெற்றி.

இதன் பலனைச் சாரா டெய்லரின் கணக்கில் பார்க்கலாம். ஒருநாள் ஆட்டங்களில் 87 பிடி, 51 ஸ்டம்பிங். ரி20 ஆட்டங்களில் 23 பிடிதான், ஆனால் ஸ்டம்பிங் 51. டெஸ்ட் ஆட்டங்களையும் சேர்த்து மூன்று வகையிலும் 232 ஆட்டமிழப்பு. 2017 உலகக் கிண்ண அரையிறுதியில் நட் சிவர் வீசிய மிதவேகப் பந்து காலடிப் பக்கமாகப் போனது. துடுப்பாடுபவர் மறைத்து நின்றதால் கீப்பருக்குப் பந்தே சரியாகத் தெரியாத பக்கம் அது. சாரா பந்தை எடுத்து, ஸ்டம்புகளின் மேல் வைத்திருக்கும் சின்னக் கட்டைகளான பெயில்ஸைத் தட்டியது ஒரே அசைவு போல இருந்தது. ஆட்டமிழந்தவர் தென்னாபிரிக்காவின் த்ரிஷா செட்டி, அவரும் உலகின் சிறந்த கீப்பர்களில் ஒருவர். கைபேசியில் தேடி அந்தக் காட்சியை மெதுவாக ஓட்டிப் பார், கையைப் பார்க்காதே, காலைப் பார். கால் முன்னமே அங்கே போய்விட்டிருக்கும்.

வைட் பந்தில ஸ்டம்பிங் செய்தால் அவுட்டோ? நோ போலில?

துடுப்பாடுபவருக்கு எட்டாமல் போகும் வைட் பந்தில் அவுட். விதிமீறல் என்று நடுவர் அறிவிக்கும் நோ போலில் ஸ்டம்பிங் இல்லை, ஓட்டம் எடுக்க ஓடினால் மட்டும் ரன் அவுட் ஆக்கலாம். பந்து உன் கையிலோ காற்காப்பிலோ பட்டுத் தெறித்துத் தானாக ஸ்டம்பில் பட்டாலும் ஸ்டம்பிங்தான். பந்து ஒரு கையில் இருக்க வெறும் மற்றக் கையால் பெயில்ஸைத் தட்டினால் அவுட் இல்லை. அவசரத்தில் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை இது.

அவசரத்தில் இன்னொரு பிழையும் வரும். பந்து மட்டையிலோ ஆளிலோ படாமல் வரும்போது, அது ஸ்டம்பைத் தாண்ட முதல் கையை முன்னால் நீட்டி எடுத்துத் தட்டக்கூடாது. நடுவர் நோ போல் சொல்லுவார், ஸ்டம்பிங்கும் போய்விடும். பெரிய ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. 2023 டிசம்பரிலிருந்து, சர்வதேச ஆட்டத்தில் ஸ்டம்பிங் கேட்டால் மூன்றாம் நடுவர் பக்கவாட்டுக் காட்சியை மட்டும் பார்த்து ஸ்டம்பிங்கா இல்லையா என்று சொல்லுவார். மட்டையில் பட்டதா என்றும் பார்க்க வேண்டுமென்றால் அணி டி.ஆர்.எஸ். எனும் மறுபரிசீலனையைத் தனியாகக் கேட்க வேண்டும்.

சோழகக் காத்துக்குப் பெயில்ஸ் நிக்குதேயில்லை. அப்ப ஸ்டம்பிங் எப்பிடிக் குடுக்கிறது?

காற்று கடுமையாக இருந்தால் பெயில்ஸ் இல்லாமலே ஆட நடுவர்கள் முடிவு செய்யலாம். அப்போது பந்து இருக்கும் கையால் ஸ்டம்பை அடித்ததை நடுவர் கண்டால் போதும், ஸ்டம்ப் விழ வேண்டியதில்லை. ஆகவே சத்தம் கேட்கத் தட்டு.

பெயில்ஸ் வைத்து ஆடும்போது முன்னமே இரண்டும் விழுந்துவிட்டால் கதை வேறு. பந்தைக் கையில் பிடித்தபடி ஒரு ஸ்டம்பை நிலத்திலிருந்து பிடுங்க வேண்டும், அல்லது அடித்துக் கிளப்ப வேண்டும். இதைப் பயிற்சியில் ஒரு தரம் செய்து பார். எங்கள் இறுகிய செம்மண்ணில் ஸ்டம்ப் இலேசில் வராது.

கீப்பருக்குக் காயம் பட்டால் பதிலாள் கிளவுஸ் போடலாமோ?

போடலாம், நடுவர்களின் சம்மதத்தோடு. 2017 ஒக்டோபரில் வந்த விதித் தொகுப்புக்கு முதல் இது முடியாது, பழைய ஆள்கள் சிலர் இப்போதும் இல்லையென்று வாதாடுவார்கள். அதனால் அணியில் இரண்டாவது பிள்ளையையும் கீப்பிங்குக்குப் பழக்க வேண்டும்.

எனக்குச் சிங்களம் தெரியாது. மாகாணத்துக்கு வெளியில தெரிவுக்குப் போனால் என்ன செய்யிறது?

கீப்பருக்கு இது மற்றவர்களைவிடப் பெரிய சிக்கல், ஏனென்றால் அவள் வாய் ஓயாமல் பேச வேண்டியவள். நான் முதன்முதலில் தெற்கில் ஒரு முகாமுக்குப் போனபோது இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. உயரப் போன ஒரு பந்துக்கு நானும் இன்னொரு பிள்ளையும் ஒன்றாக ஓடி மோதிக்கொண்டோம். அவள் “மகே” என்று கத்தியிருக்கிறாள், “என்னுடையது” என்று அர்த்தம். எனக்கு விளங்கவில்லை. அன்று இரவு அதே பிள்ளைதான் பக்கத்தில் இருந்து சொற்களைச் சொல்லித் தந்தாள், நான் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்கினேன்.

களத்தில் தேவைப்படுவது முப்பது நாற்பது சொற்கள்தான். எனக்கு, உனக்கு, விடு, எறி, கிட்ட வா, தள்ளிப் போ, நல்லது, இன்னும் ஒரு பந்து. அவற்றைப் போகும் முன்பே பழகு. விளையாட்டுச் சொற்களில் பாதி எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

இதால பிள்ளைக்கு ஒரு வாழ்க்கை வருமோ? படிப்பு வீணாப் போகாதோ?

நேராகச் சொல்கிறேன், கிரிக்கெட்டில் மட்டும் சீவிக்கும் பெண்கள் இந்த நாட்டில் மிகச் சிலர். தேசிய ஒப்பந்தம் உள்ளவர்களுக்குச் சம்பளம் உண்டு. இந்தியாவில் 2023இல் தொடங்கிய பெண்கள் பிரீமியர் லீக்கின் முதல் ஏலத்தில் ரிச்சா கோஷ் 1.9 கோடி இந்திய ரூபாவுக்குப் போனார். அதே ஏலத்தில் எங்கள் அணித் தலைவி சமரி அத்தபத்துவை ஒருவரும் எடுக்கவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் பாதை முன்னரைவிட அகலம். 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு 2023 முதல் உலகக் கிண்ணம் இருக்கிறது. 2024 ஜூலையில் ஆசியக் கிண்ணத்தை இலங்கைப் பெண்கள் வென்றது தம்புள்ளையில், எங்கள் ஏ9 வீதி போகிற ஊரில். அன்று கீப்பர் அனுஷ்கா சஞ்சீவனி.

ஆகவே சாதாரண தரம், உயர்தரம் இரண்டையும் விடக்கூடாது. தேசிய மட்டத்தில் விளையாட்டில் சாதித்த பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட வாய்ப்பு உண்டு, சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள். விளையாடி முடித்த பிறகும் இடம் இருக்கிறது. சாரா டெய்லர் 2021இல் சசெக்ஸ் ஆண்கள் அணிக்குக் கீப்பிங் பயிற்றுநரானார். இலங்கையின் நிமாலி பெரேரா சர்வதேச நடுவர்.

நல்ல கழகம் எண்டால் படையினரின்ர அணிதான் எண்டு சொல்லுறாங்கள். எங்களுக்கு அது ஏலாதே.

இந்தக் கேள்வியை எப்போதும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள். உண்மைதான், பெண்கள் கிரிக்கெட்டில் இராணுவம், கடற்படை, விமானப்படை அணிகள் பலமானவை. அங்கே விளையாடும் பிள்ளைக்கு வேலையும் சம்பளமும் கிடைப்பதால் திறமையானவர்கள் போகிறார்கள். வன்னியில் எத்தனை வீடுகளில் இந்தப் பேச்சே நெஞ்சை அடைக்கும் என்பது எனக்குத் தெரியும், எங்கள் வீடும் அப்படித்தான். யாரையும் போ என்றும் போகாதே என்றும் சொல்ல எனக்கு உரிமையில்லை.

படை சாராத கழகங்களும் இருக்கின்றன, சிலாபம் மேரியன்ஸ் கழகத்துக்குச் சமரி அத்தபத்துவே விளையாடியிருக்கிறார். தூரமும் தங்குமிடமும்தான் செலவு. எங்கள் பக்கத்திலேயே பெண்களுக்கு ஒழுங்கான கழகப் போட்டி நடந்தால் பல பிள்ளைகள் இந்த முடிவைப் பதினெட்டு வயதில் எடுக்கத் தேவையிராது. அதை மாவட்டக் கூட்டங்களில் நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், நீங்களும் வந்து கேளுங்கள்.

கடைசி ஓவரில பிடி விட்டிட்டாள், தோத்துப் போச்சினம். மூண்டு நாளா அறையை விட்டு வெளியில வாறாளில்லை. என்ன செய்ய?

முதலில், அன்று அவள் பிடித்தவற்றை யாராவது எண்ணினார்களா என்று கேளுங்கள். 20 ஓவர் ஆட்டத்தின் 120 பந்தில் 119ஐ ஒழுங்காகச் செய்தாலும் ஊர் பேசுவது அந்த ஒன்றைத்தான். இந்தப் பாரம் பெரிய ஆள்களையும் அழுத்தும். மேலே சொன்ன அதே சாரா டெய்லர் பதற்ற நோயால் 2016இல் விளையாட்டை இடையில் நிறுத்தி, திரும்பி வந்து 2017 உலகக் கிண்ணத்தை வென்று, 2019இல் 30 வயதில் அதே காரணத்தால் சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகினார். அதை அவர் வெளியில் சொன்னார். சாப்பாடு, நித்திரை இரண்டும் இரண்டு கிழமைக்கு மேல் குழம்பியிருந்தால் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், முழங்காலுக்குப் போவது போலத்தான் இதுவும்.

மூன்று நாள்தான் என்றால், அந்தப் பிடியைப் பற்றி வீட்டில் யாரும் பேச வேண்டாம், ஆறுதலாகக்கூட வேண்டாம். நாளைக்குப் பின்னேரம் வெயில் தாழ, தம்பியையோ அப்பாவையோ டெனிஸ் பந்தோடு முற்றத்தில் நிற்கச் சொல்லுங்கள். வெறுங்கையால், கிட்ட நின்று, இலேசான இருபது பந்து. அது முடிய இன்னும் இருபது போடச் சொல்லி அவளே கேட்டால் சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள், கிளவுஸ் இங்கே இருக்கிறது.